வெள்ளைக் கேனுக்கு எதிராக ஒரு தவக்காலம்

என் மகள் தண்ணீர் குடிக்க மறுத்தாள். இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு எங்கே தொடங்கினாலும் நான் ஏதோ கொள்கைக்காகக் கொடி பிடித்தவள் போல ஆகிவிடும். கொள்கை எதுவும் அன்றைக்கு என்னிடம் இல்லை. இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை இருந்தது. அது தண்ணீர் டம்ளரைக் கண்டதும் உதடுகளை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

கேழ்வரகுக் கூழ் குடிப்பாள். வற்றிக்கொண்டிருந்த என் மாரைத் தேடி ஓடி வருவாள். தண்ணீர் என்றால் மட்டும் கழுத்து திரும்பிவிடும். ஊற்றினால் துப்புவாள். அழுத்தி ஊற்றினால் புரையேறும். வெயில் ஏற ஏற அவள் உதடு வெடித்தது. அவள் நனைத்த துணி அடர்மஞ்சளாகக் காய்ந்தது.

"பல்லு வர்ற நேரம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கண்ணு பட்டிருக்குது" என்றார் மாமியார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்து, "புடிவாதம். எங்கிருந்து வரும்? பாப்பிரெட்டிப்பட்டியில இருந்து வரும்" என்றார். அது என் பிறந்த ஊர்.

நான் அந்த டம்ளரை வாங்கி நானே குடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, குழந்தையைப் போல, முதல்முதலாகக் குடிப்பதுபோல. வாயில் தண்ணீர். தண்ணீருக்குப் பின்னால் இன்னொன்று. வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பின் வாசனை, அதற்கு மேல் ஒரு தித்திப்பு, மருந்துக்கடைத் தித்திப்பு. விழுங்கிய பிறகும் நாக்கின் அடியில் அது உட்கார்ந்திருந்தது.

அதே தண்ணீரைத்தான் நானும் மாதக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் முகம் சுளித்து, பிறகு சுளிக்காமல். பழகிவிட்டேன். என் மகள் பழக மறுத்தாள். வீட்டில் மூக்கு சரியாக இருந்த ஒரே ஆள் அவள்தான்.

எங்கள் சமையற்கட்டின் மூலையில் இருந்தது அந்தத் தண்ணீர். வெள்ளைக் கேன். நீல மூடி. தடித்த பிளாஸ்டிக்.

அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். தொப்பூர் கணவாய்க்குக் கீழே எங்கள் ஊர். பெங்களூர் ரோட்டின் ஓரத்தில் என் வீட்டுக்காரர் பஞ்சர் கடை வைத்திருந்தார். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி கவிழ்வது அங்கே மழை பெய்வது போல. எப்போது என்று தெரியாது, வரும் என்று தெரியும். சத்தம் கேட்டால் ஊர் ஓடும். முதலில் ஆளைத் தூக்குவார்கள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. டிரைவரையும் கிளீனரையும் இழுத்து எடுத்து, தண்ணீர் கொடுத்து, வருகிற வண்டியை மறித்து ஏற்றி அனுப்பிய பிறகுதான் சரக்கின் பக்கம் திரும்புவார்கள். ஒருமுறை ஊர் முழுக்க வெங்காய சாம்பார். ஒருமுறை எல்லார் வீட்டு ஜன்னலுக்கும் ஒரே பூப்போட்ட திரை. எந்த லாரி கவிழ்ந்தது என்பதை எங்கள் ஊர் அடுப்படிகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்படி ஒருநாள் கவிழ்ந்த லாரியிலிருந்து வெள்ளைக் கேன்கள் சரிவெல்லாம் உருண்டன. சில உடைந்து ஒழுகின. உடையாதவற்றைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தது என்ன? சோப்பு எண்ணெய் என்றார் ஒருத்தர். பருத்திக்கு அடிக்கிற மருந்து என்றார் இன்னொருத்தர். துணிக்குப் போடுகிற சாயம், அதற்குக் கலக்கிற ஏதோ ஒன்று என்றும் பேச்சு. மேலே ஒட்டியிருந்த காகிதத்தை என் வீட்டுக்காரர் சுடுதண்ணீர் ஊற்றி உரித்துவிட்டார். அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக.

மாமியார் அதைச் சாம்பலால் தேய்த்தார். புளியால் தேய்த்தார். வெயிலில் கவிழ்த்து வைத்தார், நிமிர்த்தி வைத்தார். கடைசியாகக் கோயிலுக்குப் போய் மந்திரித்த தண்ணீர் வாங்கிவந்து உள்ளே தெளித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, குடிதண்ணீர் ஊற்றினார். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு ஆசீர்வாதம் இருந்தது.

"வெயிலும் பட்டிருக்குது, தீர்த்தமும் பட்டிருக்குது. இதுக்கு மேல என்னடி வேணும்?"

நான் அப்போது வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்றால், அந்தச் சமையற்கட்டில் என்னுடையது என்று எதுவும் இல்லை.

இருந்தது. கல்யாணத்தில் என் அம்மா வீட்டிலிருந்து பித்தளைக் குடம், அண்டா, தவலை, சொம்பு எல்லாம் வந்தன. எங்கள் பக்கம் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். கழுத்தைச் சுற்றி என் பெயர். புள்ளிப் புள்ளியாக உளியால் தட்டிய என் பெயர். மகளைப் பெறுவதற்காக அம்மா வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தையோடு திரும்பி வந்தேன். அடுப்படியில் நுழைந்தால் ஒரு திருவிழா. சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள். ஊதா நிறக் குடம். பச்சை வாளி. சிவப்பு மூடி போட்ட உப்பு டப்பா. புளி வைக்க ஒரு மஞ்சள் டப்பா, எண்ணெய்க்கு ஒரு சின்னக் கேன், அரிசி கழுவ ஓட்டைக் கூடை, டீ வடிகட்டி. பித்தளையை எடைக்கு எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் கொடுக்கிறவர் சைக்கிளில் வந்திருக்கிறார். மாமியார் போட்டுவிட்டார்.

"எம் பாத்திரமுங்களா அத்தே?"

"ஒம் பாத்திரம் எம் பாத்திரம்னு இந்த வூட்டுல ரெண்டு இருக்குதா?"

அந்த ஆள் மறுபடி ஊருக்கு வந்தபோது ஓடிப்போய் நிறுத்தினேன். பிளாஸ்டிக்கைத் திருப்பித் தருகிறேன், என் குடத்தை மட்டுமாவது கொடுங்கள் என்றேன். கேரியரில் குலுங்கும் வாளிகளைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆச்சரியச் சிரிப்பு.

"பிளாஸ்டிக்கக் குடுத்துப் பித்தள கேக்கற ஆள நான் இன்னிக்குத்தான் பாக்கறங்க. அதெல்லாம் அன்னிக்கே உருக்கியிருப்பாங்கம்மா."

என் பெயர் உருகிவிட்டது. சரி. அதைக்கூட நான் விழுங்கினேன். ஆனால் இப்போது என் பிள்ளையின் வாய். அதற்குள் எது போக வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா இல்லையா? கேள்வி அவ்வளவுதான். அன்றைக்கும் அவ்வளவுதான், இன்றைக்கும் அவ்வளவுதான்.

மாமியாரிடம் சொன்னேன். மூக்கை நீட்டிக் கேனுக்குள் விட்டு முகர்ந்தார். "ஒண்ணும் வரல" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு வரவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு நாளெல்லாம் டியூபும் சொல்யூஷனும். கைகளை முகத்தருகே கொண்டுவந்து சிரித்தார். "என்னப் போயி வாசனைக்குக் கூப்புடறியே. அம்மாகிட்ட நீயே பேசிக்க."

பேசிக்கொண்டேன்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் கோழி அடிப்பார்கள். மறுநாளிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம். கறி கிடையாது. அதற்கு மேல் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றை விட வேண்டும். ஒறுத்தல் என்று பெயர். சாப்பிட்டு முடித்ததும் மாமியார் தட்டில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பார், யார் எதை விடுகிறீர்கள் என்று. அது எங்கள் வீட்டு வழக்கம். சொன்னால் சொன்னதுதான். நடுவில் மீறினால் தெருவுக்கே தெரிந்துவிடும், அவரே சொல்லிவிடுவார்.

"நான் வெத்தலபாக்க விடறன்" என்றார் மாமியார்.

"பீடி" என்றார் வீட்டுக்காரர். வருஷா வருஷம் விடுகிற அதே பீடி.

"நீ?"

"நான் பிளாஸ்டிக்க விடறங்க அத்தே."

தட்டில் ஓடிய மாமியாரின் விரல் நின்றது.

"எத?"

"சமையக்கட்டுல இருக்கற பிளாஸ்டிக்க. வாரத்துக்கு ஒண்ணா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம."

மாமியார் புத்திசாலி. உடனே ஓட்டையைப் பிடித்தார். "ஒறுத்தல்னா புடிச்சத விடணும்டி. ஒனக்குத்தான் அது கண்டாலே ஆவாதே. புடிக்காதத விடறதுக்குப் பேரு ஒறுத்தலா? எனக்குப் பாவக்கா புடிக்காது. அப்ப நான் பாவக்காய விடறன், வெத்தல எனக்கு இருக்கட்டும்."

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன்:

"பிளாஸ்டிக் கொடம் லேசா இருக்குதுங்க. எனக்கு லேசா இருக்கறது புடிக்கும். அத விடறன். நாலு மாசத்துக்கு ஒருக்கா ஒடையற மண்ணயும், கனமா இருக்கறதயும் சொமக்கறன். இது ஒறுத்தல் ஆவாதுங்களா?"

தவக்காலத்தில் சுமப்பதைக் குறை சொல்ல ஒரு கத்தோலிக்கப் பெண்ணால் முடியாது. மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முதல் வெள்ளிக்கிழமை உப்பு. சிவப்பு மூடி டப்பாவைக் காலி செய்து, பழைய ஊறுகாய் ஜாடி ஒன்று விளிம்பு உடைந்து பரணில் கிடந்ததே, அதைக் கழுவிக் காயவைத்து உப்பைக் கொட்டினேன். அடுத்த வாரம் டீ வடிகட்டி. அது எப்போதோ சூட்டில் வளைந்து, வாய் கோணிய கிழவர் மாதிரி ஆகியிருந்தது. வீட்டுக்காரரின் கல்யாண வேட்டியில் ஒரு சதுரம் கிழித்து வடிகட்டினேன். வீட்டுக்காரர் டீயைக் குடித்துவிட்டு, "மாப்பிள்ள வேட்டி ருசி" என்றார். பிறகு அரிசிக் கூடை போய் மூங்கில் கூடை. எண்ணெய், கைப்பிடி வைத்த தூக்குப்போசிக்கு மாறியது. மாறின ஒவ்வொரு சாமானையும் மாமியார் எடுத்துத் துடைத்துப் பரணில் அடுக்கினார். தூக்கிப் போடவில்லை. ஈஸ்டர் வரட்டும் என்று அவர் காத்திருந்தார். எனக்கும் அது தெரியும். நானும் காத்திருந்தேன்.

புளியை மட்டும் அவரே சொன்னார். மஞ்சள் டப்பாவைத் திறந்தால் புளி ஓரமெல்லாம் கசிந்து, டப்பாவின் உள்பக்கம் வெளுத்து, திட்டுத் திட்டாகப் பாம்புச் சட்டை மாதிரி உரிந்திருந்தது. எட்டிப் பார்த்தவர் ஒரு மண்கலயத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "அதுக்காக ஒண்ணும் இல்ல. புது புளி வருது, எடம் பத்தாது" என்றார்.

பித்தளைதான் உத்தமம் என்று நான் சொல்லவே இல்லை, இப்போதும் சொல்லவில்லை. ஈயம் தேய்ந்த பித்தளையில் புளி வைத்தால் பச்சை பூக்கும். அதுவும் வயிற்றைப் புரட்டும். பழசு எல்லாம் அமிர்தம், புதுசு எல்லாம் விஷம் என்று பாடுகிறவர்களோடு எனக்குச் சேர்த்தி இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்த பாத்திரம். மண் என்றால் மண் என்று தெரிய வேண்டும்.

அதுவரை நீர்த்த கூழிலும் பாலிலும் மகளை ஓட்டிவிட்டு, தண்ணீருக்கு வந்தேன். அதுதான் மலை. சந்தையில் மண்குடம் ஒன்றும், மூலையில் வைக்கப் பெரிய பானை ஒன்றும் வாங்கினேன். பானையை மணல் மேல் உட்காரவைத்தேன், வெள்ளைக் கேனுக்கு நேர் எதிர் மூலையில். ஒரே அறையில் இரண்டு கட்சி. குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனேன். ஊதாவும் பச்சையுமாக வரிசை. என் செம்மண் குடத்தைப் பார்த்ததும் ஒரே குசுகுசுப்பு.

"பாப்பிரெட்டிப்பட்டிக்காரி தேருக்குப் போறாளா, தண்ணிக்கு வந்தாளா?"

"தவம்டி, தவம். வெலகி நில்லு, பட்டா பாவம்."

பட்டது. யாருடைய இடுப்போ, யாருடைய குடமோ. பம்பின் இரும்பு மூக்கில் மோதி என் குடம் கழுத்தோடு போயிற்று. தண்ணீர் முழங்கால் வரை நனைத்தது.  பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்:

"சேசுவே! ஒறுத்தல் ஒடஞ்சு போச்சே!"

பம்படி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? கையில் மிஞ்சிய கழுத்து வளையத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் இன்னொரு குடம். அதுவும் உடைந்தது, இந்த முறை வீட்டு வாசலில்.

அன்றைக்குத்தான் மாமியார் வெடித்தார். உடைந்த குடத்தின் ஓடுகளை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றார்.

"ஒனக்கு வெளையாட்டா இருக்குதுல்ல? நீ ஒடைக்கற, நாளைக்கு இன்னொண்ணு வாங்கற. பித்தளக் கொடத்தப் போட்டுட்டன்னு இத்தன நாளா மனசுல வெச்சிருக்கற. சொல்லேன் வாயத் தொறந்து."

"ஆமாங்க. வெச்சிருக்கறன்."

"பாரு அப்ப."

இடுப்புச் சேலையை விலக்கினார். இடது பக்கம், எலும்பு புடைக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, தடித்து, எருமைக் கழுத்து போலச் சொரசொரப்பாக இருந்தது. நடுவில் ஒரு குழி.

"கல்யாணம் ஆயி வந்த மறுநாள்ல இருந்து சொமந்தன். கெணறு அங்க, வூடு இங்க. பித்தளைக்கே பாதி கனம், தண்ணிக்கு மீதி. வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டும் சொமந்தன். ஒனக்குப் பேரு வெட்டுன கொடம். எனக்கு? கொடம்தான் என்ன வெட்டுச்சு. அந்த ஊதாக் கொடத்த மொதமொத தூக்குனப்ப, என்னமோ கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. நான் நடுரோட்டுல நின்னு சிரிச்சன்டி. அத எங்கிட்ட இருந்து புடுங்காத."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பல வருஷம் யோசித்தும் இல்லை. அந்தத் தழும்புக்கு எதிராகப் பேச பின்னாளில் நான் எழுதிய எந்தக் கவிதையிலும் எனக்கு ஒரு வரி கிடைத்ததில்லை. ஆனால் பதில் இல்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டும் என்று யார் சொன்னது?

"ஒங்க கொடத்த நான் தொட மாட்டங்க அத்தே" என்றேன். "நீங்க தூக்கற வரைக்கும் அது இருக்கட்டும். ஆனா குடிக்கற தண்ணி இனிமே நான்தான் கொண்டாருவன். எம் புள்ள குடிக்கறது அந்தக் கேனுல இல்ல."

"எதுல கொண்டாருவ? ஓட்டுலயா?" முறத்தைக் காட்டினார்.

புளிக்காலம் அது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் புளி குவிந்து கிடக்கும். ஓட்டைத் தட்டி, நார் இழுத்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கூலி. தவக்காலத்துப் பகல்களில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தட்டினேன். நகக்கண் எரியும். விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்தது. மகள் கொட்டைகளை அள்ளி வீசி விளையாடினாள். கூலி சேர்ந்ததும் பஸ் ஏறித் தருமபுரிக்குப் போனேன். பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கினேன். பித்தளையில் பாதி கனம்கூட இல்லை, உடையாது, பச்சை பூக்காது.

வாசலில் பெயர் வெட்டுகிறவர் மிஷினோடு உட்கார்ந்திருந்தார்.

"யாரு குடுக்கறதுங்க? யாருக்கு?" அன்பளிப்பு என்று போட்டு, கொடுக்கிறவர் பெயரும் வாங்குகிறவர் பெயரும் போடுவதுதான் வழக்கம்.

"நான்தான் குடுக்கறன். எனக்குத்தான்."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வூட்டுக்காரர் பேரு?"

"வேணாங்க. எம் பேரு மட்டும்."

மிஷின் கிர்ரென்று பாடியது. இந்த முறை புள்ளி இல்லை, ஓடும் கோடு. அம்மா வீட்டில் கொடுத்த பெயர் உருகிப் போனது. இது நான் புளி தட்டி எனக்கே போட்டுக்கொண்ட பெயர். பஸ்ஸில் மடியில் வைத்து வழி முழுக்கத் தடவிக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் புதுக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து மண்பானையில் ஊற்றினேன். பானை ஊறி, வெளியே வியர்த்தது. ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் மோந்து மகளிடம் நீட்டினேன். உதடுகள் வழக்கம்போல உள்ளே போயின. நான் ஒன்றும் செய்யவில்லை, டம்ளரைப் பிடித்தபடியே இருந்தேன். அவள் மூக்கு முதலில் வந்தது. பிறகு நாக்கின் நுனி. பிறகு இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். குடித்தாள். மூச்சு விடாமல், கன்னம் குழிய, மூக்கில் தண்ணீர் ஏற ஏறக் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நீட்டினாள். இன்னும் வேண்டுமாம்.

நான் மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். ஜெயித்த முகம்தான், மறைக்கவில்லை.

"வெயில் ஏறிடுச்சு" என்றார் அவர். "இந்த வெயிலுக்கு எந்தக் கொழந்தையும் குடிக்கும். பானத் தண்ணி ஜில்லுன்னு இருக்குது, அதான்."

இருக்கலாம். அப்படியும் இருக்கலாம்.

சிலுவைப்பாதைச் செபம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை மாமியார் பங்குச் சாமியாரிடமே கேட்டுவிட்டார். "சாமி, பிளாஸ்டிக் சாமான விடறதெல்லாம் ஒறுத்தலுங்களா?" சாமியார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எங்கள் பின்னால் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். "வூட்டு சண்டைய வூட்டுலயே முடிச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திருச்சபையும் கைவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் வீட்டுக்கு நடந்தோம்.

ஈஸ்டர் வந்தது. காலைப் பூசை முடிந்து, கறி கொதித்து, பீடி வாசனை வாசலுக்குத் திரும்பியிருந்தது. மாமியார் வாயில் வெற்றிலை. நான் எதிர்பார்த்ததுதான். பரணிலிருந்து சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன. "தவக்காலம் முடிஞ்சுது. எல்லாரும் விட்டத எடுத்துக்கலாம்" என்றார். உப்பு டப்பா பழைய இடத்தில் உட்கார்ந்தது. வெள்ளைக் கேனைக் கழுவி, நிரப்பி, என் பானைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். டம்ளரில் அதிலிருந்து மோந்து, "வாடி கண்ணு" என்று என் மகளைக் கூப்பிட்டார்.

அன்பாகத்தான் கூப்பிட்டார். அதுதான் கஷ்டம்.

மகள் அவரை நோக்கி ஓடினாள். டம்ளர் அருகில் வந்ததும் நின்றாள். உதடுகள் பூட்டிக்கொண்டன.

 டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செடியடியில் தண்ணீரைக் கொட்டினேன். அடுப்பில் கிடந்த இரும்புக் கம்பியை இழுத்தேன். கறி கொதித்த அடுப்பு, நுனி பழுத்திருந்தது. கேனைக் கவிழ்த்து, அடியில் ஊன்றினேன்.

வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஒரு ஓட்டை. இன்னொரு ஓட்டை. இன்னொன்று. புகை எழுந்தது, கறுத்து, இனித்து, தொண்டையைப் பிடித்தது. கறி வாசனையை விழுங்கியது, வெற்றிலை வாசனையை, பீடியை. வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வெளியே ஓடினார். மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"வருதுங்களா அத்தே இப்ப? இதுதான். இந்த நாத்தத்தத்தான் எம் புள்ள இத்தன நாளாச் சொல்லுச்சு."

பொத்திய முந்தானைக்குள்ளிருந்து பதில் வந்தது. "எதச் சுட்டாலும் நாறும்டி!"

உண்மைதான். எதைச் சுட்டாலும் நாறும். என் நிரூபணம் அந்த ஒரு வரியில் பொடிந்து போனது. இன்றைக்குச் சில பேர் என்னிடம் கேட்கிறார்கள், அந்தக் காலத்திலேயே உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், யார் சொன்னார்கள், எங்கே படித்தீர்கள் என்று. எங்கேயும் படிக்கவில்லை. ஒன்றும் தெரியாது. அந்தக் கேனில் சோப்பு எண்ணெய்தான் இருந்ததோ என்னமோ. நிரூபித்துவிட்டு வா, பிறகு உன் பிள்ளைக்கு நல்ல தண்ணீர் கொடு என்று சொல்கிற உலகத்தில் நிரூபிக்காமலே கொடுத்துவிட வேண்டியதுதான். நான் கம்பியைக் கீழே வைக்கவில்லை.

"நாறட்டுங்க" என்றேன். "இனிமே இதுல தண்ணி நிக்காது."

மாமியார் கேனைப் பார்த்தார். அடியெல்லாம் கருகிய கண்கள். திட்டுவதற்கு வாயைத் திறந்தார், இருமல் வந்தது. இருமி இருமிக் கண்ணில் நீர் கட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். சமையற்கட்டின் மூலையில் குனிந்து, மண்பானையில் மோந்து, நின்றபடியே குடித்தார். கீழே வைத்தார். மறுபடியும் மோந்து குடித்தார்.

"உப்புத் தண்ணி" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"பம்புத் தண்ணிங்க. எப்பவும் அதே தண்ணிதான். இப்பத்தான் தெரியுது."

ஒரு முறைப்பு.  என் மகள் தத்தித் தத்திப் போய் அவர் சேலையைப் பிடித்து, பானையைக் காட்டி, கையை நீட்டினாள். அவர் கொஞ்சநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மோந்து கொடுத்தார்.

மற்ற டப்பாக்கள் ஒவ்வொன்றாகப் போக இரண்டு மூன்று தவக்காலம் ஆனது. வருஷா வருஷம் கோழி தின்ற தட்டின் முன்னால் உட்கார்ந்து நான் அதையே சொன்னேன், பீடியை விடுகிற வீட்டுக்காரர் மாதிரி. மாமியார் கண்ணை உருட்டிவிட்டு, பாகற்காயை விடுவதாக அறிவிப்பார். ஊதாக் குடம் மட்டும் கடைசி வரை இருந்தது. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு என்று அவர் அதில் கொண்டுவந்தார். குடிக்கிற தண்ணீர் நான். காலையில் இரண்டு பேரும் பம்புக்குப் போவோம். அவர் முன்னால், கையில் ஒன்றுமே இல்லாதவர் போல வீசி நடந்து. நான் பின்னால், என் பெயர் இடுப்பில் அழுந்த. "சீக்கிரம் வாடி பாப்பிரெட்டிப்பட்டி" என்று திரும்பிப் பார்க்காமலே கத்துவார்.

எவர்சில்வர் லேசு என்றுதான் வாங்கினேன். தண்ணீர் லேசு இல்லை. வருஷங்கள் சுமந்ததில் என் இடது இடுப்பிலும் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. அவருடையதைப் போல அவ்வளவு பெரிது இல்லை, ஆனால் இருக்கிறது. யாராவது கேட்டால் சேலையை விலக்கிக் காட்டுவேன்.